எங்கள் வரிசைக்காக நைனா சொன்ன பதில்

அந்த நடிகர் மலையை மட்டும்தான் மாற்றியிருந்தார். உவமை அதே உவமை. குரல் தழுதழுத்த இடம்கூட அதே இடம்.

சென்னையில் தமிழர் கூட்டமொன்றில் அவர் பேசியதைத் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று போட்டிருந்தது. திருப்பதி மலை தமிழன் வீட்டு வாசற்படியாம். வாசற்படியைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டு எவன் வீட்டுக்குள் நிம்மதியாக உட்காருவான் என்று கேட்டிருந்தார். நெல்லூரில் தெலுங்கர் கூட்டத்தில் பேசியதைத் தெலுங்குத் தினசரி போட்டிருந்தது. அங்கே திருத்தணி மலை தெலுங்கன் வீட்டு வாசற்படி. அதே பெயர்ப்பு, அதே கேள்வி. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று என்று இரண்டு நிருபர்களும் எழுதியிருந்தார்கள்.

தமிழ்த் தாள், சித்தூரிலிருந்து அப்பா, எங்கள் பேச்சில் நைனா, அனுப்பிய கடலை உருண்டையைச் சுற்றி வந்தது. தெலுங்குத் தாள் என் அறைத்தோழியின் பொருளாதாரப் புத்தகத்துக்கு அட்டையாக இருந்தது. திருப்பதியில், பெண்கள் விடுதியில், ஜன்னலோர மேஜையில் இரண்டும் அடுத்தடுத்துக் கிடந்தன. எனக்கு இரண்டு எழுத்தும் வாசிக்க வரும். சித்தூர்க்காரர்களுக்கு அது ஒரு பெருமையே அல்ல. இரண்டு காலிலும் செருப்பு இருப்பது போலத்தான். உருண்டையைக் கடித்தபடி ஒன்றை வாசித்தேன். மென்றதை விழுங்குமுன் மற்றதை வாசித்தேன். பிறகு விழுங்கத் தோன்றவில்லை.

அறைத்தோழி புத்தூர்ப் பெண். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். கூப்பிட்டு இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"ஓரி நாயனோ! மலையைத் தூக்கி மாத்தி வெச்சிட்டானேமே!" என்று கட்டிலில் விழுந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க சின்னாயன் கடைக் கண்ணாடிய உடைச்சாங்களே நகரியில, அது இவன் பேச்சக் கேட்டுத்தானே?" சின்னாயன் என்றால் அவள் சித்தப்பா.

ஆந்திர ராஜ்யம் பிறந்துவிட்டது, எல்லை இன்னும் பிறக்கவில்லை. அப்படிப்பட்ட வருஷங்கள் அவை. எங்கள் ஜில்லா நடுவில் கிடந்தது. சத்தியவேடு எந்தப் பக்கம் போகும், திருத்தணி எந்தப் பக்கம் வரும் என்று ரயில் பெட்டியில் பேச ஆரம்பித்தால் இறங்கும்போது சட்டை கிழிந்திருக்கும். ஸ்டேஷன் பலகையில் ஒரு நாள் தமிழ் எழுத்தின் மேல் தார் இருக்கும். மறுநாள் தெலுங்கு எழுத்தின் மேல். நான் ரயிலில் போகும்போது கைப்புத்தகத்தின் அட்டையை மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வேன். அது தமிழா, தெலுங்கா என்று எதிர் இருக்கை கண்கள் தேடும்.

அந்த இரண்டு தாள்களையும் மடித்துப் பெட்டியில் வைத்தேன். அதோடு விட்டிருப்பேன். பட்டமளிப்பு விழா அறிவிப்பு வந்திராவிட்டால்.

நான் பி.ஏ. முடித்திருந்தேன். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் எங்கள் வரிசை வீடுகளில் பி.ஏ. முடித்த முதல் பெண். நைனா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சீசாவின் மேல் ஒட்டும் லேபிள்களில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தை ஊரில் எல்லாருக்கும் தெரியும்: 'வேளைக்கு ஒரு மூடி. குலுக்கிக் குடிக்கவும்.' என் விஷயத்திலும் அவர் ஒரு மூடி கூட்டவோ குறைக்கவோ விட்டதில்லை. மிஷன் பெண்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை இடம் காலி. விழா முடிந்த திங்கட்கிழமைக்குள் பட்டத்துக்கான சான்றைக் காட்டினால் இடம் எனக்கு. காட்டாவிட்டால் வேலூரிலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு. பள்ளி மேனேஜர் ஐயர், அதாவது எங்கள் சபைப் பாதிரியார், இதை எழுத்தில் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தை நைனா வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்.

அறிவிப்புப் பலகையில், பட்டமளிப்புப் பேருரை நிகழ்த்துபவர் என்று அந்த நடிகர் பெயர்.

முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாள் சில பையன்கள் கோபப்பட்டார்கள். பள்ளியிறுதி தாண்டாதவர் கவுன் போட்டுக்கொண்டு நமக்குப் புத்தி சொல்வதா என்றார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் நைனாவும் பள்ளியிறுதி தாண்டாதவர்தான். மூன்றாம் நாள் அறைத்தோழி என் பெட்டியைத் திறந்து இரண்டு தாள்களையும் எடுத்து ஓர் அட்டையில் பக்கம் பக்கமாக ஒட்டினாள். அதை நூலகத்தில் சரித்திர மாணவன் ஒருவனிடம் கொடுத்தோம். ரேணிகுண்டா பையன். ரயில்வே ஃபிட்டரின் மகன். கூட்டத்தில் அவன் பேசினால் பின்வரிசைக்கும் கேட்கும்.

அவன் தமிழ்த் தாளைத் தடவிப் பார்த்தான். அவனுக்கு அந்த எழுத்து தெரியாது.

"சிஸ்டர், நிஜமா இதேதான் இருக்கா? நீங்க கொஞ்சம் சேர்த்துச் சொல்லல இல்ல?"

"உனக்கு நம்பிக்கை இல்லன்னா காளஹஸ்தி பக்கத்துப் பையன் இருக்கானே, ரெண்டும் படிப்பான், அவன்கிட்ட படிச்சிக் காட்டச் சொல்லு."

காட்டினான். அதற்குப் பிறகு அட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. தமிழ்ப் பையன்கள் தெலுங்கு வாசகத்தை அர்த்தம் கேட்டார்கள். தெலுங்குப் பையன்கள் தமிழ் வாசகத்தை. அந்தக் கல்லூரியில் என் மூன்று வருஷத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்து 'இதுக்கு இன்னா அர்த்தம்' என்று கேட்டது அப்போதுதான். ஆனால் அதே அட்டை எனக்கு ஒரு பெயரையும் வாங்கித் தந்தது. கோபம் ஆரம்பித்தது எங்கே என்று யாராவது கேட்டால், விரல் விடுதிப் பக்கம் நீளும்: அந்த சித்தூர்த் தமிழ்ப் பெண்.

ஐந்து பேர் பதிவாளரைப் பார்க்கப் போனோம். அவர் வெற்றிலை மென்றுகொண்டே அட்டையைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், தெலுங்கில் சொன்னார்: "ஒரு பண்டிதரைக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? நான்கு காக்காய். இவர் வந்தால் ஜில்லா முழுக்க வரும். நாளைக்குக் கட்டடம் கட்ட நன்கொடை வேண்டாமா? போய்ப் பரீட்சைக்குப் படியுங்கள்."

"பரீட்சை முடிஞ்சிருச்சி சார்," என்றான் ரேணிகுண்டா பையன்.

"அப்படியானால் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்."

அதற்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது. கறுப்புக் கொடி வேண்டாம். கொடி பிடித்தால் போலீஸ் வரும்; மறுநாள் பத்திரிகையில் தமிழர் கலவரம் என்றோ தெலுங்கர் கலவரம் என்றோ வரும், நடிகர் மூன்றாவதாக ஒரு மலையைத் தேடிப் பேசுவார். எங்களிடம் வேறொன்று இருந்தது.

பட்டமளிப்பு விழாவில் ஒரு சடங்கு உண்டு. மாணவர்கள் கவுனோடு எழுந்து நிற்பார்கள். துணைவேந்தர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பார்: இந்தப் பட்டத்துக்குத் தகுந்தபடி உங்கள் வாழ்விலும் பேச்சிலும் நடந்துகொள்வீர்கள் என்று உறுதி சொல்கிறீர்களா? எல்லாரும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும்: ஐ டூ ப்ராமிஸ். பதில் வந்தால்தான் அவர் அடுத்த வாசகத்தைச் சொல்லிப் பட்டத்தைக் கொடுக்க முடியும். இதற்கு முந்தின நாள் ஒத்திகையே நடக்கும்.

"வாழ்விலும் பேச்சிலும்னு மேடையில கேப்பாங்க. அந்தப் பேச்சுக்காரர் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு," என்றாள் அறைத்தோழி. "நாம வாயத் தொறக்கவே கூடாது."

நூலகத்தின் பின்னால் வேப்பமரத்தடியில் எல்லாரும் அந்த அட்டையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். என் முறை வந்தது. எங்கள் சபையில் சத்தியம் செய்யக்கூடாது. ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை. அதற்கு மேல் ஆணை வைப்பது தப்பு என்று சின்ன வயதிலேயே காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"நான் சத்தியம் பண்ணமாட்டேன்," என்றேன். முகங்கள் மாறின. யாரோ பின்னால், "தெரியும்டா, வேலை இருக்கு அவளுக்கு," என்றான்.

"சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா பதில் சொல்லமாட்டேன்னு சொல்றேன். நான் சொன்னா அவ்வளவுதான்."

ரேணிகுண்டா பையன் என்னையே பார்த்தான். "அதே சாலு, சிஸ்டர்." அது போதும் என்றான்.

திங்கட்கிழமை என் நெஞ்சில் ஒரு முள்ளாக நின்றது. எழுந்தாலும் குத்தியது, உட்கார்ந்தாலும் குத்தியது. பதில் சொல்லாத மாணவர்களுக்குப் பட்டம் நிறுத்தி வைக்கப்படும் என்று வதந்தி அதற்குள் விடுதிச் சமையலறை வரை வந்துவிட்டது.

விழா ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நைனா காலை ரயிலில், பாகாலா வழியாக வந்து இறங்கினார். அம்மாவுக்கு ரயில் புகை ஒத்துக்கொள்ளாது, அவள் வரவில்லை. புதிதாகத் தைத்த கோட்டு, தோளில் கொஞ்சம் அகலம். விடுதி வாசலில் வாட்ச்மேனிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்: "பட்டம் வாங்கற பொண்ணோட தகப்பன்."

புளிசாதம் கொண்டுவந்திருந்தார். மரத்தடியில் உட்கார்ந்து தின்றோம். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்தேன்.

"ஆராதனை முறை இன்னா?" என்றார் நைனா. "மொதல்ல ஜெபமா, பாட்டா?"

"ஜெபமெல்லாம் இல்ல நைனா. ஊர்வலமா வருவாங்க. அப்பால எங்கள நிக்கவெச்சிக் கேள்வி கேப்பாங்க. நாங்க பதில் சொல்லணும்."

"ஞானஸ்நானம் மாதிரி."

"ஆமா. அந்த மாதிரிதான்."

"அப்ப நல்லா சத்தமா சொல்லு. உன் ஞானஸ்நானத்துல ஐயர் கேக்கறாரு, இந்தப் பிள்ளைய கர்த்தருக்குள்ள வளப்பீங்களான்னு. உங்கம்மா வெக்கப்பட்டுக்கினு வாய்க்குள்ளயே முனகறா. சபையே பாத்துக்கினு இருக்குது. ஐயர் ரெண்டாந்தரம் கேட்டாரு. நான்தான் எழுந்து கத்தினேன், வாக்குக்கொடுக்கிறோம்னு. கூரைமேல இருந்த புறாவெல்லாம் பறந்துபோச்சி."

சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்லவில்லை. அவருடைய கோட்டுக் காலரில் ஒரு சோற்றுப் பருக்கை இருந்தது, அதை எடுத்துவிட்டேன். அந்தப் பகலில் நான் அவருக்காகச் செய்தது அவ்வளவுதான்.

பந்தல் நிரம்பி வழிந்தது. மரங்களில் ஆட்கள், மதில்மேல் ஆட்கள், பக்கத்து மாடிகளில் பெண்கள். யாரும் எங்களைப் பார்க்க வரவில்லை. போலீஸ்காரர்கள் இரண்டு வரிசை. எங்களுக்குக் கொடுத்த வாடகைக் கவுன்களில் இரசகற்பூர வாடை. வியர்வையில் அது கரைந்து கண்ணை எரித்தது. பெண்கள் வரிசை முன்னால். நான் ஓரத்து நாற்காலி. பெற்றோர் வரிசை வலப்பக்கம், கயிற்றுக்கு அப்பால். நைனா மூன்றாவது வரிசையில் முதுகை நிமிர்த்தி, ஆராதனைக்கு உட்காருவது போல உட்கார்ந்திருந்தார்.

நடிகர் வந்தபோது பந்தல் ஒரு முறை மூச்சை உள்ளிழுத்து, வெடித்தது. விசில், பூ, பெயர், மறுபடி பெயர். அவர் கைகூப்பியபடி மேடை ஏறினார். அருகே பார்க்கையில் திரையில் தெரிவதைவிடச் சின்ன மனிதர். தோளில் போடும் பட்டுத் துண்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவருக்கும் தெரியவில்லை, போட்டுவிட்டவருக்கும் தெரியவில்லை. கையில் சுருட்டிய தாள்கள். அந்தத் தாள்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அது எனக்குப் பிடிக்கவில்லை. நடுங்கும் ஒருவரைக் கோபித்துக்கொள்வது கஷ்டம்.

துணைவேந்தர் எழுந்தார். நாங்கள் எழுந்தோம். நூற்றுக்கணக்கான கவுன்கள் ஒன்றாகச் சரசரத்தன.

அவர் கேள்வியைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

மௌனம்.

மௌனம் என்றால் சத்தமில்லாமை என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. அது ஒரு சுமை. பந்தல் கால்களே வளைவது போல இருந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுதது. மதில்மேலிருந்து ஒருவன் "ஏமைந்திரா?", என்ன ஆயிற்றடா, என்றான். என் பக்கத்தில் அறைத்தோழியின் கவுன் கை என் கையில் உரசியது. பின்னால் ஒரு பையனின் மூச்சு சீழ்க்கை போல வந்தது. திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று என் காதுக்குள் இரத்தம் சொன்னது.

பதிவாளர் மேடையோரத்தில் வந்து எங்களைப் பார்த்துக் கையை மேலே மேலே தூக்கினார், பாட்டு வாத்தியார் போல. துணைவேந்தர் தாளைத் திருப்பி, கேள்வியை இரண்டாம் தரம் படித்தார்.

இரண்டாம் தரம். அதுதான் வினையாயிற்று.

வலப்பக்கம் ஒரு நாற்காலி பின்னால் சரிந்தது. பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நைனா எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டு, கூரைப் புறாக்கள் பறக்கும் அந்தக் குரலில், தமிழில், முழங்கினார்:

"வாக்குக்கொடுக்கிறோம்!"

பிள்ளைகள் பயத்தில் வாயடைத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். பிள்ளைக்குப் பேச்சு வராவிட்டால் பெற்றவன் எழுந்து சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த சபை முறை அது.

ஆனால் பந்தலுக்கு அந்த முறை தெரியாது. பந்தலுக்குக் கேட்டதெல்லாம், திருப்பதி நடுவில், அந்த வருஷத்தில், ஒரு மனிதன் எழுந்து நின்று தமிழில் எதையோ கோஷம் போட்டான் என்பதுதான்.

"எவடுரா அதி?"

"அரவோடுரா! இக்கட கூடா வச்சேசாரு!"

எவன்டா அது என்றான் ஒருவன். தமிழன்டா, இங்கேயும் வந்துவிட்டார்கள் என்று இன்னொருவன் சொன்னதை நாலு பேர் சொன்னார்கள், நாலு பேர் சொன்னதை மதில் சொன்னது. பின்வரிசையில் பெஞ்சுகள் இழுபட்டன. ஒரு செருப்பு பறந்து வந்து பெற்றோர் வரிசைக்குக் குறுக்கே விழுந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். நைனா அவர்களைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் செய்தது சரிதானே என்று கேட்கும் முகம். கை இன்னும் கோட்டுப் பொத்தானில்.

அந்த இடத்தில் நான் ஐ டூ ப்ராமிஸ் என்று சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னால் நாலு பேர் சொல்வார்கள். நாலு பேர் சொன்னால் எல்லாரும். நைனா சொன்னது கோஷமல்ல, பதில்தான் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். போலீஸ் நின்றுவிடும். திங்கட்கிழமை என்னுடையதாகிவிடும். அந்த மூன்று சொற்களும் நாக்கின் நுனியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வேப்பமரமும் அங்கேயே நின்றது. நான் சொன்னா அவ்வளவுதான்.

"நைனா!" என்று கத்தினேன். "உக்காரு நைனா! ஒண்ணும் இல்ல, உக்காரு!"

அதுவும் தமிழ்தான். கூட்டத்தின் பார்வை அவரை விட்டு என்மேல் திரும்பியது.

அப்போது அறைத்தோழி நாற்காலிமேல் ஏறினாள். கவுன் தடுக்கியது, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மேடையைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்து, தெலுங்கில், தண்ணீர்க் குழாயடிச் சண்டைக் குரலில்:

"ஆயன மா நான்னகாரண்டி! கூர்ச்சோண்டி அந்தரூ!"

அவர் எங்கள் அப்பா. எல்லாரும் உட்காருங்கள்.

புத்தூர்த் தெலுங்கு. அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆண்கள் வரிசையிலிருந்து ரேணிகுண்டா பையன், "மா நான்னகாரே!" என்றான். இன்னொருவன் சொன்னான். காளஹஸ்திப் பையன் இரண்டு பாஷையிலும் சொன்னான். கேள்விக்குப் பதில் சொல்லாத வரிசைகள் இப்போது ஒரே குரலில், அவர் எங்கள் அப்பா, எங்கள் அப்பா என்றன. கூட்டம் குழம்பியது. ஒரு மனிதருக்கு இத்தனை பட்டதாரிப் பிள்ளைகளா என்று மதில்மேல் யாரோ கேட்க, சிரிப்பு கிளம்பியது. பெஞ்சுகள் திரும்ப இடத்துக்குப் போயின. போலீஸ்காரர்களில் ஒருவர் சரிந்த நாற்காலியை நிமிர்த்தி, நைனாவைத் தோளில் தொட்டு உட்காரவைத்தார்.

துணைவேந்தர் தாளை மடித்தார். பிறகு, உறுதி சொல்லாதவர்கள் எழுத்தில் தந்து பட்டத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்தார். நடிகர் பேசினார். தாளைப் பார்த்து, கல்வி, ஒழுக்கம், தாய்நாடு. எந்த மலையையும் தொடவில்லை. எங்கள் வரிசைகள் கைதட்டவில்லை. ஜில்லா தட்டியது.

அன்றைக்கு நைனா திருப்பதி மிஷன் காம்பவுண்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். விடுதி வாசல் வரை என்னை விட வந்தபோது நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், தாள்கள், மலைகள், வேப்பமரம்.

"காலைல சோறு துன்னும்போது சொல்றதுக்கு இன்னா?" என்றார். "வாய மூடிக்கினு இருந்திருப்பேனே. ஒரு ஊரே என்ன அடிக்க வந்துதே."

"பயமா இருந்துது நைனா."

"எனக்குத்தான் பயமே இல்ல. இன்னா நடக்குதுன்னே தெரியலியே."

மறுநாள் சனிக்கிழமை. பதிவாளர் அலுவலக ஜன்னலில் ஒரு குமாஸ்தா அச்சடித்த படிவங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வாசகங்கள். முதல் வாசகம், அதே உறுதிமொழி. இரண்டாவது: சிறப்பு விருந்தினர் முன்னிலையில் நான் நடந்துகொண்ட முறைக்கு வருந்துகிறேன். கீழே கையெழுத்து. போட்டால் தற்காலிகச் சான்று உடனே கையில்.

வரிசை நீளமாக இருந்தது. ரேணிகுண்டா பையன் முதலில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். என் கண்ணைப் பார்க்காமல், "ஒர்க்ஷாப்ல இடம் சொல்லி வெச்சிருக்காரு நான்னகாரு, சிஸ்டர். செவ்வாக்கெழம சேரணும்," என்றான். அறைத்தோழி போட்டாள். போட்டுவிட்டு அழுதாள். "நேத்தே நாம ஜெயிச்சிட்டோமேமே. இது வெறும் காகிதம். போடு."

உண்மைதான். பந்தலில் வாயைத் திறக்கமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன், அது முடிந்துவிட்டது. உறுதிமொழியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டாவது வாசகம்தான் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. நான் வருந்தவில்லை. வருந்தாததை வருந்துகிறேன் என்று எழுதிவிட்டு, வாழ்விலும் பேச்சிலும் என்று மேல் வரியில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

நைனா படிவத்தை வாங்கி, மருந்துச் சீட்டு வாசிப்பது போல மெதுவாக வாசித்தார். குமாஸ்தாவைப் பார்த்து, "இதுல நான் சொன்னது எங்க இருக்குது?" என்றார்.

"எது?"

"நேத்து சொன்னேனே. வாக்குக்கொடுக்கிறோம்னு."

குமாஸ்தா சிரித்துவிட்டார். "அது செல்லாது பெத்தாயனா. பிள்ளைங்க சொல்லணும்."

"செல்லாதா? சபை முன்னாடி எழுந்து நின்னு சொன்னேன். போலீஸ்காரரே கேட்டாரு. செருப்பால அடிச்சாங்க. செல்லாதுன்னா எதுக்கு அடிச்சாங்க?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. நான் பேனாவை எடுத்தேன். இரண்டாவது வாசகத்தின்மேல் நேராக ஒரு கோடு போட்டேன். முதல் வாசகத்தின் கீழே, ஆங்கிலத்தில், என்னால் முடிந்த அளவு அழகான கையெழுத்தில் எழுதினேன்: இந்த உறுதியை என் தகப்பனார் வெள்ளிக்கிழமை மாலை பந்தலில், எல்லாரும் கேட்க, எனக்காகக் கொடுத்துவிட்டார். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

குமாஸ்தா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். "இது கமிட்டிக்குப் போகும்மா. எத்தனை மாசம் ஆகும்னு தெரியாது."

"திங்கக்கெழம," என்றார் நைனா என்னிடம். கேள்வியாக அல்ல. நினைவுபடுத்துகிறவராக.

"தெரியும் நைனா."

அவர் ஒரு நிமிடம் படிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வேதப் புத்தகத்துக்குள் இருந்த கடிதம் எங்கள் இருவர் கண்ணிலும் இருந்தது. பிறகு அவரே ஜன்னலுக்குள் கையை நீட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை வந்தது, போயிற்று. வேலூர்ப் பெண் வேலையில் சேர்ந்தாள். ஞாயிறு ஆராதனையில் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருவாள். நல்ல பாட்டுக் குரல். அம்மா நைனாவோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் டியூஷன் சொல்லிக்கொண்டு, கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் எழுந்து ஓடிக்கொண்டு, அந்த வருஷத்தைக் கழித்தேன். சில நாள் நான் செய்தது வீரம் என்று தோன்றும். பல நாள் வீம்பு என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் கோடு போட ஒரு கமிஷன் வரவில்லை.

எல்லைக்கு வந்தது. திருத்தணி அந்தப் பக்கம், சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம், ஆந்திரத்துக்கு வந்தது. சத்தியவேட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ், மேலிருந்து வரும் காகிதங்களுக்குத் தெலுங்கு. இரண்டு எழுத்தும் வாசிக்கத் தெரிந்த வாத்தியாரம்மா அவசரமாக வேண்டும், பட்டம் பின்னால் வந்தாலும் பரவாயில்லை என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். பிள்ளைகள் மேடையேறி யாரையாவது புகழ்ந்து பேச எழுதித்தரக் கேட்டால், மலைகளைக் குறித்து எதுவும் எழுதித்தருவதில்லை.

பட்டம் தபாலில் வந்தது, தகரக் குழாய்க்குள் சுருட்டி. அன்று நான் சித்தூரில் இருந்தேன். நைனா கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார். வாசித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. விட்டுவிட்டேன்.

"அது இன்னா, கடைசில?"

"நேர்ல வராதவங்களுக்குக் குடுக்கற பட்டம்னு போட்டிருக்காங்க நைனா. எல்லாருக்கும் ரெண்டு வகைதான். நேர்ல வந்தவங்க, வராதவங்க."

"நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"நானும் இருந்தேனே."

எழுந்து உள்ளே போனார். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து ஒரு லேபிளும் பேனாவும் எடுத்து வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, சீசாக்களுக்கு எழுதும் அந்த முத்துக் கையெழுத்தில் எழுதி, பட்டத்தைக் கவிழ்த்து, பின்பக்கம், கீழ் மூலையில், கோணாமல் ஒட்டினார். காயும்வரை கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

'நேரில் வந்திருந்தாள். பதில் சொன்னது நான்.'